வெந்நீருக்கு ஒரு பிளக்

எண்ணூரில் மார்கழியிலும் மின்விசிறி போட்டுத்தான் படுப்போம், செயலாளர் சார். அதனால் இஞ்சினுக்கும் குளிரும் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

துறைமுகத்திலிருந்து டிரெய்லர் ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. போன டிசம்பரில் லடாக்குக்கு ஒரு லோடு. மாற்று டிரைவராக வியாசர்பாடி நிலவனை அனுப்பினார்கள். வழியில், பதான்கோட்டில் இஞ்சினுக்கு ஹீட்டர் பொருத்தினோம். உறைகிற குளிர் என்றால், வண்டியைக் கிளப்புவதற்கு நாலு மணி நேரம் முன்னாலாவது அதன் ஒயரைக் கரண்டில் செருகி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் களியாக இறுகி, இஞ்சின் கிளம்பாது. இஞ்சின் ஓடினால்தான் கேபினுக்குள்ளும் சூடு வரும். இதையெல்லாம் மெக்கானிக்கிடம் கேட்டு எனக்குச் சொன்னவனே நிலவன்தான். கெட்டிக்காரன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

நான் சாதி பார்க்கிறவன் இல்லை. சுத்தம் பார்க்கிறவன், அவ்வளவுதான். ஒரே கேபினில் ஒன்பது நாள். தன் தட்டைக் கழுவி என் தட்டின் மேலேயே கவிழ்த்து வைப்பான். அவன் ஓட்டிவிட்டு இறங்கினால், ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசமாட்டான். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் குமட்டியது.

திராஸ் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாயங்காலம் நிறுத்தினோம். மைனஸ் இருபது. இருந்தது ஒரே அறை, அதில் ஒரே பிளக் பாயிண்ட். அவனோடு ஓர் அறையில் படுக்க என்னால் முடியாது. லோடுக்குக் காவல் வேண்டும் என்று சொல்லி அவனை வண்டிக்குப் போகச் சொன்னேன். ஹீட்டர் ஒயரை ஜன்னல் வழியாக நீட்டி அவனே செருகினான்.

"அண்ணாத்த, இத மட்டும் புடுங்கிடாத. நடு ராவுல வண்டியக் கெளப்பித்தான் சூடு காயணும். கெளம்பலன்னா உள்ள நான் வெறைச்சிப் பூடுவேன்."

போகிற போக்கில் என் டம்ளரை எடுத்து, மிச்சமிருந்த டீயை வாய் வைத்துக் குடித்தான். சூட்டுக்காகத்தான். எனக்கு உடம்பெல்லாம் புழு ஊர்ந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். குளிக்காமல் எப்படிப் படுப்பது? ஒயரைப் பிடுங்கிவிட்டு, வாளியில் தண்ணீர் காயவைக்கிற ராடைச் செருகினேன்.

குளித்து முடித்தபின் ஒயரைத் திரும்பச் செருகியிருக்கலாம். ஆனால் அது அவன் கை பட்ட ஒயர். நான் அப்போதுதான் குளித்திருந்தேன்.

நடு ராத்திரிக்கு மேல் வண்டி முக்கி முக்கி அடங்குவது கேட்டது. கடைக்காரர் எப்போதோ கடையைப் பூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போயிருந்தார். அவன் என் கதவுக்குத்தான் வந்தான்.

"கதவத் தொற அண்ணாத்த. ஒரு ஓரமா குந்திக்கினு கெடக்கறேன்."

தாழ்ப்பாளை நான் எடுக்கவில்லை. நன்றாகவே தூங்கினேன்.

குளிர் தாங்காமல் இறந்தான் என்று அங்கே எழுதி முடித்துவிட்டார்கள். அவன் மனைவி சங்கமித்ரா இந்த டோல்கேட் யூனியன் ஆபீசுக்கு வந்து கேட்டது ஒரே கேள்வி: பிளக்கைப் பிடுங்கியது யார்? நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதுவும் ஓர் அழுக்குதானே.

காலையில் கதவைத் திறந்தபோது வாசற்படியில் குந்தியபடியே இருந்தான். தூக்க ஒரு கை கொடுக்கச் சொன்னார் கடைக்காரர். மறுபடியும் தண்ணீர் காயவைக்க வேண்டியிருக்குமே என்று தள்ளி நின்றேன்.