பஸ்ஸைத் தாண்டக் கூடாத கார்

சிதம்பரம் பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்த மெக்கானிக், முதுநகர் தாண்டியும் பின்கண்ணாடி வழியே, பின்னால் வந்த சின்னக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மாமா.

"அந்தச் சின்ன காருக்கு நேத்துதான் சூப்பர்சார்ஜர் மாட்டுனேன் மாமா. இன்ஜினுக்குள்ள காத்தை ஜாஸ்தியா தள்ளும். வண்டி பறக்கும்."

"பின்ன ஏன் பஸ்ஸு பின்னாடியே ஊருது?"

"மொத ஐநூறு கிலோமீட்டர் மெதுவாதான் ஓட்டணும். இல்லன்னா இன்ஜின் போயிடும். ஓனரு கேக்குற ஆளு இல்ல. பஸ்ஸைத் தாண்டாதீங்கன்னு சொல்லிட்டு நான் இதுல ஏறிட்டேன்."

"அந்தக் கார்லயே ஏறியிருக்கலாமே?"

"ரெண்டே சீட்டு. இன்னொண்ணுல அவுங்க அம்மா. புள்ள வேகமா போவாம பாத்துக்க வந்திருக்காங்க."

"வேகத்துக்கு ஒரு மெஷினு, வேகமா போவாம இருக்க ரெண்டு பேரு காவலா? ஒண்ணும் புரியல மாப்ள."

ஹாரன் கேட்டது. கார் பஸ்ஸைத் தாண்டிப் பறந்தது. அம்மா சிரித்துக்கொண்டே மெக்கானிக்குக் கையசைத்தார்.