குதிக்குள் குடைந்த பள்ளம்

பலாக் கட்டை அறுத்த புதிதில் மஞ்சளாகத்தான் இருக்கும். வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வந்துவிடும். ஹரிணியின் கிடாருக்கு நான் எடுத்தது என் பட்டறைப் பரணில் ஆறு வருஷம் காய்ந்த கட்டை. கட்டையில் குற்றமில்லை சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஆவுடையப்பன். துபாயில் பன்னிரண்டு வருஷம் மரவேலை பார்த்தேன். இப்போது மணமேல்குடியில் கதவு, கட்டில், அலமாரி செய்கிறேன். ஹரிணி என் தங்கை சொர்ணவல்லியின் ஒரே மகள். பிறந்த அன்றே என் மகன் கோபிநாத்துக்கு என்று பேசி வைத்தோம். பேசியது நானும் தங்கையும்தான். பிள்ளை அப்போது கண்கூடத் திறக்கவில்லை.

அவள் பெரியவளானபோது நான் துபாயில் மாட்டிக்கொண்டேன். தாய்மாமன் சீர் செய்ய ஆளில்லை. அந்தக் குறை மனதை அரித்துக்கொண்டே இருந்தது. போன சித்திரையில் அவளே பட்டறைக்கு வந்தாள்.

"மாமா, அன்னைக்கிச் செய்யாத சீருக்குப் பதிலா எனக்கு ஒரு கிடார் செஞ்சு குடுங்க. கடைக் கிடார் வேணாம். ஒங்க கையால வேணும்."

அன்றே பரணிலிருந்து கட்டையை இறக்கினேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்யத் தொடங்கினேன். முக்கால்வாசி முடிந்திருந்தபோதுதான் தங்கை விஷயத்தைச் சொன்னாள். சென்னையில் இசைக் கல்லூரி. நேரில் வாசித்துக் காட்டினால் இடம். நாலு வருஷம்.

"அவ போயிப் படிக்கட்டும்ண்ணே. கோபிக்கு வேற எடம் பாருங்க" என்றாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. பட்டறைக்கு வந்து விட்ட வேலையைத் தொடர்ந்தேன்.

அப்போது மிச்சம் இருந்தது குதி. கிடாரின் கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் இருக்கும் தடித்த கட்டைக்கு அந்தப் பெயர். ஆறு கம்பியையும் முறுக்கேற்றினால் ஒரு ஆள் கனத்துக்கு இழுக்கும். அத்தனை இழுவையையும் தாங்குவது அந்தக் குதிதான். அரத்தால் தேய்த்து, உள்ளங்கையில் வைத்து வளைவு பார்த்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்க ஒரு வாரம் ஆனது. நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. பிறகு உள்பக்கத்தை உளியால் குடைந்தேன். சுற்றிலும் ஒரு நூல் கனம் மட்டும் விட்டேன். பள்ளத்தின் வாயை அதே ரேகை ஓடும் பலாத் துண்டால் மூடி ஒட்டினேன். பார்த்தவர்களுக்குத் தெரியாது.

அவள் தேர்வுக்காகச் சென்னைக்குக் கிளம்பும் நாள் காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு கிடாரை வைத்துக் கொடுத்தேன். கம்பிகளைத் தளர்வாகத்தான் கட்டியிருந்தேன். தங்கை கிடாருக்குக் குங்குமம் வைத்தாள். ஹரிணி என் காலில் விழுந்து கும்பிட்டு எழுந்து, அவள் குழந்தையாக இருந்தபோது நான் செய்து போட்ட ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து சுருதி கூட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது கம்பி ஏறும்போது குதி முனகியது. எனக்கு மட்டும் கேட்டது. நாலாவதும் ஏறியது. நான் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் குதி விட்டது. கழுத்து மடங்கி அவள் முகத்தில் அறைந்தது.

இடது கண் போய்விட்டது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி இவள யாருண்ணே கட்டுவா?" என்று அழுதாள்.

"கோபி இருக்கான்ல" என்றேன். நானும் அழுதேன். அது நிஜமான அழுகை சார்.

மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. போன செவ்வாய்க்கிழமை ஹரிணி உடைந்த கழுத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். குதியின் பள்ளத்துக்குள் விரலை விட்டுக் காட்டினாள்.

"மாமா, இதுக்குள்ள ஒரு கோடு ஓடுது. என் ஊஞ்சப் பலகை அடியிலயும் இதே கோடு இருக்கு. சின்னப்புள்ளையில தடவிக்கிட்டே கெடப்பேன்."

என் உளியின் வாயில் ஒரு சின்னப் பொக்கை உண்டு. போகிற இடமெல்லாம் மயிரிழை மாதிரி ஒரு மேடு விட்டுப் போகும். வெளிப்பக்கம் என்றால் உப்புத்தாளில் போய்விடும். யாரும் பார்க்காத இடத்துக்கு எந்த மரவேலைக்காரன் உப்புத்தாள் போடுவான்? "ஆமா தாயி" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

கிடார் உடைந்தால் தேர்வு போகும், பிள்ளை ஊரோடு இருப்பாள், அதுதான் என் எண்ணம் என்று நேற்றுச் சொன்னேன். அதில் ஒன்று விட்டுப்போனது. கம்பி கட்டியதும், கழுத்து நுனியில் கம்பியை இறுக்குகிற முறுக்காணியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை நறுக்கிவிட வேண்டும். நான் விரல் நீளம் விட்டிருந்தேன். சுருதி கூட்டும்போது முறுக்காணி மேல் முகத்தைக் கவிழ்த்துக் கேட்பது அவள் பழக்கம். அது எனக்குத் தெரியும். கிடார் போனால் இன்னொன்று வாங்கிக்கொண்டு அடுத்த வருஷம் போய்விடுவாளே சார். அதையும் யோசிக்க வேண்டியிருந்தது.

இப்படிப் பிடிபட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. புகார் கொடுக்க அவளை பைக்கில் கூட்டி வந்தது யார் தெரியுமா? என் மகன் கோபிநாத். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. போகும்போது அவள் படியில் தடுமாறாமல் கையைப் பிடித்து இறக்கிவிட்டான், இந்த ஸ்டேஷன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜோடிப் பொருத்தம் அப்படி இருந்தது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போடுகிறேன். கல்யாணத்தன்று மட்டும் என்னை ஒரு மணி நேரம் வெளியே விடச் சொல்லுங்கள் சார். தாய்மாமன் நான் இல்லாமல் பிள்ளைக்கு யார் மாலை போடுவது?