தரை கீழ போயிடுச்சாம்

…கை உடைஞ்சது அவளுக்கு, கால் தேயுறது எனக்கு. எட்டு நாளாச்சுண்ணே, எட்டு நாளு! ஒரு வாய் தண்ணி வேணும்னாலும் "ஏய்"னு ஒரு குரல், நான் ஓடணும்… இருங்க இருங்க, அந்த சைக்கிள் கூடையைக் கழட்டாதீங்க. அது நல்லாத்தான் இருக்கு. முன் சக்கரம்தான் கோணல். அதைப் பாருங்க. அப்புறம் பிரேக்கு. அப்புறம்… அப்புறமா சொல்றேன், மொதல்ல சக்கரம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், தலை வாருறது. வலது மணிக்கட்டுல ரெண்டு இடத்துல முறிவு, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு, முழங்கால்ல அஞ்சு தையல். சரி, ஒரே மாடியில எதிர் வீட்டுக்காரியாச்சே, இருபத்தாறு வருஷமா ஒரே ரத்தப் பரிசோதனை லேப்ல கூட வேலை பாக்குறவளாச்சேன்னு போய்த் தலை வாரிவிட்டேன். "வகிடு கோணலா இருக்கு"ங்கிறா. கண்ணாடி பாக்காமலே! கல்யாணப் பொண்ணையா ஜோடிக்கிறேன் நானு? முட்டை அவிச்சுக் குடுத்தா ஒன்றரை நிமிஷம் கூடப் போச்சாம். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டா மேல் பொத்தான் கழுத்தைப் பிடிக்குதாம். குளிக்கிறப்போ கட்டு நனையக் கூடாதுன்னு கையில பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டேன். "ரெண்டாப் போடு ஏணி"ன்னா. ஏணிங்கிறது நான்தான். பாக்குறீங்களே, இந்த உயரத்துக்கு வேற என்ன பேரு வைப்பாங்க?

அவ பேரு டிக்டிக். லேப்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்சுக்கிட்டு ரத்த அணுவை எண்ணுவா, விரலுக்கடியில ஒரு எண்ணுற மிஷின்… டிக் டிக் டிக் டிக்… நாள் பூரா. நான் வாசல் கவுண்டர்ல உக்காந்திருப்பேன். அவ எண்ணுனதை நான் கவர்ல போட்டுக் குடுப்பேன். பேசிப் பேசி என் தொண்டை வறண்டுடும். அவ அந்த ஸ்டூலை விட்டு அசைய மாட்டா.

அப்படிப்பட்டவ போன வருஷம் சைக்கிள் வாங்கப் போறேன்னா. அம்பத்துநாலு வயசுல! நான் விடுவேனா? "சர்க்கஸ்ல ஆள் எடுக்குறாங்களாடீ?"ன்னு லேப் முழுக்கக் கேக்குற மாதிரி கேட்டேன். ரத்தம் குடுக்க வந்து வரிசையில நின்னவங்ககூடச் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. ஒரு மாசம் விழுந்து எந்திரிச்சு, விழுந்து எந்திரிச்சு கத்துக்கிட்டா. தினமும் வேலைக்கு சைக்கிள்தான். நான் பஸ்ஸுக்கு நின்னுட்டிருப்பேன், எனக்கு முன்னாடி மணி அடிச்சுட்டுப் போவா பாருங்க… டிரிங்னு. ஒரே ஒரு தடவை. திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. அந்த மணி உடைஞ்சிருச்சா? இல்லையா? அது உடையாதே! கை உடையும், மணி உடையாது.

எப்படி விழுந்தான்னு கேளுங்களேன். கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். தெருமுனையில நாய் குறுக்க வந்துச்சாம். பிரேக் போட்டாளாம். காலை ஊனினாளாம். "தரை இல்லடீ, தரை கீழ போயிடுச்சு"ங்கிறா. தரை எங்கயாவது கீழ போகுமாண்ணே? அவசரப் பிரிவு டாக்டர்கிட்டயும் அதையே சொன்னா. அவரு பேனாவை மூடிட்டு இவளை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க… இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டாரு. நூறுல இருந்து ஏழேழாக் கழிச்சுட்டே வாங்கன்னாரு. யார்கிட்ட! ரெண்டு வரைக்கும் கடகடன்னு எறங்கி வந்துட்டு "இன்னும் கழிக்கணுமா?"ன்னா. அப்படியும் தலைக்கு ஸ்கேன் எழுதிட்டாரு. அப்புறம் கண்ணுக்கு ஒரு டாக்டர், காதுக்கு ஒரு டாக்டர். எல்லா எடத்துலயும் அவ செருப்பைப் பிடிச்சுக்கிட்டு வெளிய நின்னது நான்.

எல்லாம் சரியாத்தான் இருக்குன்னுட்டாங்க. அங்கதான் பிடிச்சுது வினை. எல்லாம் சரியா இருந்தும் தரை இல்லன்னா, யாருக்கும் தெரியாத கோளாறு ஏதோ உள்ள இருக்குதுன்னு அவ முடிவு பண்ணிட்டா. அவ தம்பி வேற வந்து "வயசாச்சுல்லக்கா"ங்கிறான். இவளைவிட ரெண்டு வயசுதான் கம்மி, தலையில முடின்னு பேருக்கு ஒண்ணு கிடையாது, இவளுக்கு வயசாச்சாம்! சைக்கிளைக் காயலான் கடையில போட்டுடறேன், சாயங்காலம் வந்து எடுத்துக்குறேன்னுட்டுப் போயிருக்கான். அதான், அவன் வர்றதுக்குள்ள இதை ஒரு மாதிரியா சரி பண்ணி…

காயலான் கடைக்குப் போற சைக்கிளுக்கு எதுக்கு ரிப்பேருன்னு பாக்குறீங்க. நீங்க கேக்கல, உங்க புருவம் கேக்குது. சக்கரத்தைப் பாருங்கண்ணே.

இன்னைக்குக் காலையில நடந்ததைக் கேளுங்க. ஒரு கவரை என் கையில குடுக்குறா. வேலையை விடுறாளாம்! இடது கையாலயே எழுதியிருக்கா, எழுத்து ஒவ்வொண்ணும் நண்டு ஓடின தடம் மாதிரி இருக்கு. என்னடீ இதுன்னேன். "தரை எங்க இருக்குன்னே தெரியாதவ, அடுத்தவங்க ரத்தத்தை எப்படி எண்ணுறது? இருக்கிற அணுவை இல்லன்னு எழுதிட்டா? ஒருத்தர் உயிரு இல்லையா?"ங்கிறா. மத்தியானம் நான் வேலைக்குப் போறப்போ லேப் பெரிய டாக்டர் மேசையில வச்சுடணுமாம். இந்தப் பையிலதான் கிடக்கு. கவர் குடுக்குறது என் வேலைதானே, என்கிட்டயே குடுத்துட்டா.

"போடி பைத்தியம்"னேன். வழக்கமாச் சொல்றதுதான். இருபத்தாறு வருஷமாச் சொல்றதுதான்… இன்னைக்கு அவ மூஞ்சியைப் பாத்திருக்கணும் நீங்க. "ஆமாடீ, அப்படித்தான் ஆரம்பிக்கும்போல"ன்னு சொன்னாண்ணே. மெதுவா.

அந்த ஸ்டூலை விட்டா அவளுக்கு என்ன இருக்கு சொல்லுங்க? சமைக்கத் தெரியாது. டிவி பிடிக்காது. ஊர்வம்பு பேச வராது, நானா போய் ஒரு வம்பைச் சொன்னாலும் "எத்தனை பேரு பாத்தாங்க?"ன்னு கணக்குக் கேப்பா. வீட்டுல உக்கார வச்சா ஜன்னல் கம்பியை எண்ணிக்கிட்டே செத்துப் போயிடுவா.

என்னண்ணே, சீட்டுகிட்ட போயிட்டீங்க? சீட்டுக்கு ஒண்ணுமில்ல. சரி… கை வச்சதுதான் வச்சீங்க, ஒரு நாலு விரல் அளவு எறக்கிடுங்க. கம்பியில சிவப்பா நெயில் பாலிஷ் கோடு இருக்கு பாருங்க, அவ போட்டதுதான். அவ உயரத்துக்கு அளந்து வச்சது. அந்தக் கோட்டுக்கு எறக்கிட்டா போதும். எறக்கிட்டு சக்கரத்தைப் பாருங்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? அவ எவ்வளவு உயரமா? என் தோளுக்கு வருவா… தோளுக்குக்கூட வர மாட்டா.

…ஆமா.

ஆமாண்ணே, எட்டாது. இந்த உயரத்துல அவளுக்குக் கால் எட்டாது. எனக்குத் தெரியாதா?

சைக்கிள் பூட்டோட ரெண்டாவது சாவி என்கிட்ட இருக்கு. அவசரத்துக்குன்னு அவதான் குடுத்து வச்சா. ஆறு மாசமா… சிரிக்காதீங்க. ஆறு மாசமா, விடியுற நேரத்துல, மாடிப்படிக்குக் கீழ இருந்து எடுத்துட்டுப் போய் யாரும் பாக்காம தெருவுல ரெண்டு சுத்து. நானாத்தான் கத்துக்கிட்டேன். சர்க்கஸ்னு சொன்ன வாயை வச்சுக்கிட்டு அவகிட்டயே போய் "எனக்கும் சொல்லிக் குடுடீ"ன்னு எப்படிக் கேக்குறது? அந்த மணியை நானும் அடிச்சுப் பாத்தேண்ணே. ஒரே ஒரு தடவை. என்ன சுகம்ங்கிறீங்க!

இந்தக் காலுக்குத் தாழ்ந்த சீட்டு ஆகாது, முட்டி ஹேண்டில்ல இடிக்கும். அதனால கையாலயே திருகைத் தளர்த்தி ஏத்திக்குவேன், முடிச்சதும் கோட்டுக்கு எறக்கிடுவேன். ஒருநாளும் மறந்ததில்ல. அவ விழுந்த அன்னைக்கும் மறக்கல. எறக்குறதுக்குக் கை வச்சுட்டேன், மேல அவ கதவு திறக்குற சத்தம். ஏதோ ஆபீஸுக்குப் போய் ரத்தம் எடுக்கணும்னு அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிட்டா. நான் பூட்டை மாட்டிட்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னாடி போயிட்டேன். இத்தனை உயரத்தையும் மடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அவ வாசப்படி மேல நின்னுதான் சைக்கிள்ல ஏறுவா. ஏறினா. உக்காந்ததும் லேசா நெளிஞ்சா, பாத்தேன். கூப்பிட்டிருக்கலாம். "சீட்டைப் பாருடீ." ரெண்டே வார்த்தை. நாள் பூராப் பேசுற வாய்ண்ணே இது, உங்களுக்கே தெரியுது… அதுக்குத் திறக்கல. பாத்துட்டா சிரிப்பாளேன்னு. லேப்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பாளேன்னு.

சத்தம் கேட்டு மொதல்ல ஓடுனதும் நான்தான். எல்லாரும் சொல்றாங்க, உன்னை மாதிரி ஃப்ரெண்டு கிடைக்குமான்னு. தலை வாரிட்டேன், குளிப்பாட்டிட்டேன், முட்டை அவிச்சுட்டேன். தலையை அந்த ஸ்கேன் மிஷினுக்குள்ள விட்டப்போகூட வெளிய நின்னு அவ செருப்பைப் பாத்துக்கிட்டே இருந்தேனே தவிர… அதை மட்டும் சொல்லல. விழுந்ததுல சீட்டுத் திருகு இறுகிப்போச்சு, என் கைக்கு வரல; இன்னைக்கும் உங்க கையால சீட்டை எறக்கிடலாம்னுதான் வந்தேன். எறக்கிட்டா, தரைதான் கீழ போச்சுன்னே ஆயிடும் இல்ல?

வேணாம்! வேணாம், ஸ்பானரைக் கீழ வைங்க. எறக்காதீங்கண்ணே. சக்கரமும் அப்படியே கிடக்கட்டும், ஒண்ணும் பண்ண வேணாம். எறக்கிட்டு நான் போய் வாயால சொன்னா நம்பவா போறா? தேத்துறதுக்குப் பொய் சொல்றேன்னுடுவா. எதையும் கண்ணால பாக்கணும் அவளுக்கு, ஸ்கேல் வச்சு அளக்கணும். அளக்கட்டும். கோட்டுக்கு மேல எத்தனை விரல்னு இடது கையாலயே எண்ணட்டும்.

அவளால எறங்கி வர முடியாதே, முழங்கால்ல தையல். மூணு மாடி… நான்தான் தூக்கிட்டுப் போகணும். கத்துவா. மூஞ்சியிலயே முழிக்காதேம்பா. அப்புறம் அந்தக் கவரைத் திருப்பிக் கேப்பா, கேக்கணும்… என்னை மன்னிக்கலன்னாலும் அதைக் கேட்டுட்டாப் போதும்.

சும்மா பாத்துக்கிட்டே நிக்காதீங்க, ஒரு கை குடுங்க. நடுக்கம்பியை என் தோள்ல ஏத்துங்க. இன்னும் கொஞ்சம்… அந்த சீட்டு மேல கை படாமப் பிடிங்க, அசஞ்சுடப் போகுது. ம்… விடுங்க. பிடிச்சுக்கிட்டேன்.