முப்பத்திரண்டு ஜிபி

— போன ஆடியில போன்ல நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா ரஞ்சி?

— என்ன சொன்னேன்?

— “மாமா, எனக்கொரு கம்ப்யூட்டர் வேணும்”னே. நான் “லேப்டாப் வாங்கி அனுப்புறேன்”னேன். “வேணாம், சாமான் சாமானா வாங்கி நானே மாட்டிக்கிறேன்”னே.

— நீங்க சிரிச்சீங்க. அது நல்லா ஞாபகம் இருக்கு.

— சிரிக்கல... இருமுனேன்.

— தோஹாவுல இருமுனது திருமயத்துக்கு வர்றப்ப சிரிப்பாயிருச்சாக்கும். இந்த ரேம் மெமரிய மாட்டுங்க. அந்தப் பக்கம் இல்ல... கிளிக்னு சத்தம் வரணும்.

— இரு... ரெண்டு பதினாறா? முப்பத்திரண்டு ஜிபி! நாம வீடியோவுல பேசுறதுக்கு எதுக்குடி இம்புட்டு?

— புருஷன் மூஞ்சி தெளிவாத் தெரிய வேணாமா?

— என் மூஞ்சிக்கு எட்டு ஜிபியே அதிகம்.

— அதான் ஏழு வருசமா பாத்தாச்சே...

— என்னது?

— ஒண்ணுமில்ல. சுவிட்சப் போடுங்க.

— ஃபேன் சுத்துது. படத்தக் காணோமே... ப்ராசஸர் பெட்டியக் காட்டு. நெனச்சேன்! இந்த வகையில படம் வராது ரஞ்சி. தனியா கிராபிக்ஸ் கார்டு வேணும். கடைக்காரரு தப்பாக் குடுத்துட்டாரு.

— அவரு சரியாத்தான் குடுத்தாரு. கார்டு பீரோவுல இருக்கு.

— பீரோவுலயா?

— கல்யாணப் பட்டுக்கு அடியில. ஒங்க கண்ணுல பட்டா ஏன் எதுக்குன்னு கேப்பீங்கள்ல.

— எடுத்துட்டு வா... ஆத்தாடி! எங்க ஆபீஸ்ல இருக்குற அதே கார்டு!

— “ஒங்க கம்ப்யூட்டர்ல என்னென்ன இருக்கு மாமா”ன்னு கேட்டேன்ல? ஒண்ணு விடாம ஒப்பிச்சீங்க. எழுதி வச்சுக்கிட்டேன்.

— நீ சும்மா பேச்சுக்குக் கேக்குறேன்னு நெனச்சேன்... சரி, மாட்டியாச்சு. படமும் வந்துருச்சு. லினக்ஸ் போட்டுரவா? காசில்லாமக் கெடைக்கும்.

— வேணாம். விண்டோஸ் போடுங்க.

— லினக்ஸ்தான் ஒசத்தின்னு எங்கிட்ட சண்ட போடுறவ நீயி!

— எனக்கு அது போதும். அந்த பைப் வரையிற சாஃப்ட்வேர் அதுல ஓடாதே...

— எந்த சாஃப்ட்வேரு?

— அப்படிப் பாக்காதீங்க.

— ஆபீஸ்ல பைப்லைன் படம் வரையிறது நானு. வர்ற வியாழக்கெழம தோஹாவுக்கு பிளைட் ஏறுறதும் நானு.

— திருச்சியில பைப் டிசைன் பண்ற ரெங்கசாமி சார் ஆபீஸ்ல ஒங்களுக்கு வேல கேட்டு வச்சிருக்கேன். வீட்டுல இருந்தே வரையலாமாம். அங்க மாதிரி சம்பளம் வராது...

— ஏழு வருசத்துல ஒரு தடவ வாய் தொறந்து கேட்டிருக்கியா? ஏர்போர்ட்ல நின்னு “போயிட்டு வாங்க”ன்னு மட்டுந்தானே சொல்லுவே.

— கெளம்புறவங்கள்ட்ட வேற வார்த்த சொல்லக் கூடாதும்பாங்க. ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா...

— உள்ள போறப்ப திரும்பித் திரும்பிப் பாப்பேன். ஏதாச்சும் சொல்லுவியான்னு.

— பாஸ்போர்ட்டத்தான் மறந்துட்டீங்களோன்னு பதறிக்கிட்டு நிப்பேன்.

— சரியாப் போச்சு போ... ரஞ்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? வியாழக்கெழமன்னு சொன்னேன்ல... டிக்கெட்டே இன்னும் போடல.

— நெசமாவா?

— நெசமா. இந்தத் தடவயாச்சும் நீயா கேப்பியான்னு பாத்தேன்... இந்தா, விண்டோஸ் பேரு கேக்குது. யாரு பேரப் போட?

— ஒங்க பேரத்தான், நிலவழகன்னு போடுங்க. அப்புறம்... மாமா...

— சொல்லு. நான் இன்னும் கெளம்பலயே. இப்பச் சொல்லலாம், தப்பில்ல.

— போகாதீங்க.