மாடு தின்ன கடுதாசி

— ஜானு மாமி ரேடியோவா? அத்த நான் ரிப்பேர் பண்ணி இருவது வருசத்துக்கு மேல ஆவுதே. உங்களுக்கு எப்டிம்மா தெரியும்?

— போர்டுல கணேசமூர்த்தின்னு பார்த்தேன். உள்ள வந்து முகத்தைப் பார்த்ததும் நீங்கதான்னு தெரிஞ்சுடுத்து. சித்திரகுளத்துப் பக்கத்துச் சந்துல மாடி ரூம்ல இருந்தேளே? கீழ் போர்ஷன் எங்காம். நான் ஹம்சா.

— அட, பாவாடைய சொருவிக்கினு பாண்டி ஆடுமே, அந்தப் பாப்பாவா! இன்னாம்மா, இம்மாம் பெருசா வளந்துட்ட! இரு, ஸ்டூல்ல தூசு கீது, தொடைக்கிறேன். குந்து.

— டேப் ரிகார்டரை ரிப்பேருக்குக் குடுத்துட்டுப் போலாம்னுதான் அடையாறுக்கு வந்தேன். உங்களைப் பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை.

— ஜானு மாமி இன்னா பண்ணுது? காலைல ரேடியோவ வச்சா தெருவுக்கே நியூஸ் கேக்கும்.

— பொண்ணோட டெல்லிக்குப் போயிட்டாளாம்.

— கொடை ரிப்பேர் பண்ணுவாரே அப்துல் கஃபார் பாய்? மழ வந்தா அந்தத் தெருவுல சிரிக்கிற ஒரே ஆளு.

— தெரியலை. நாங்க எழுபத்து மூணுலயே பம்பாய் போயிட்டோம். அண்ணா... எதிராத்துக் கோமளம் அக்கா ஞாபகம் இருக்கா?

— அத்த இன்னாத்துக்குக் கேக்கற?

— அவ செத்ததுக்கு நான்தான் காரணம்.

— இன்னாது?

— உங்க ரெண்டு பேருக்கும் நான்தானே தபால்காரி. அவளைப் பொண்ணு பார்க்க வரதுக்கு முந்தின நாள், உங்ககிட்ட சேர்க்கச் சொல்லி ஒரு கடுதாசி குடுத்தா. மறுநாள் காலம்பற எழும்பூர்ல ரயில் ஏறப் போறேன்னா. தெருவுல ரெண்டு ஆட்டம் ஆடிட்டுப் போலாம்னு கடுதாசியை ஒரு வாசப்படியில வச்சேன். மாடு தின்னுடுத்து.

— மாடா!

— சிரிக்காதீங்கோ. பயத்துல, "குடுத்துட்டேன்"னு அக்காகிட்ட பொய் சொன்னேன். மறுநாள் அவளைக் காணும். நாலாம் நாள் அவ அப்பா கிணத்தடியில தலை முழுகிட்டு, "எம் பொண்ணு செத்துட்டா"ன்னார். எனக்கு ஒன்பது வயசு. நீங்க வரலைன்னு ரயில்ல விழுந்துட்டாளோன்னு நினைச்சேன். அடுத்த மாசமே எங்கப்பாவுக்கு மாத்தல். வளர்ந்தப்புறம்கூட யார்கிட்டயும் கேக்கத் தைரியம் வரலை. இருபத்தோரு வருஷம்ணா.

— அய்ய, அழாதம்மா! உள்ள வத்தக்கொழம்பு கொதிக்குதே, வாசன வரல? அத்த வெக்கிறது யாருன்னு நெனச்ச?

— என்ன சொல்றேள்?

— கோமளந்தான். கடைக்குப் பின்னாடியே வூடு. பெரியவன் காலேஜ் போறான், சின்னவ பிளஸ் டூ.

— அக்கா இருக்காளா? நிஜமாவா? பெருமாளே! ஆனா... கடுதாசி வரலையே. நீங்க எப்படி ஸ்டேஷனுக்கு?

— மெதுவா பேசும்மா. நான் போனது ஓடிப்போறதுக்கு. தனியா. பொண்ணு பாக்க வராங்கன்னதும் பயந்துட்டேன். வேற சாதி, நெலையான வேலயும் இல்ல. திருச்சில வேல கெடச்சிட்டுதுன்னு புளுகிட்டு ரூமக் காலி பண்ணிட்டேன். டிக்கெட்ட வாங்கிக்கினு திரும்பறேன், எதுர்ல பொட்டியோட நிக்குது! "வந்துட்டேளா"ன்னு ஒரே அழுவ. நான் இன்னா சொல்றது? "ஆமா, வந்துட்டேன்"னேன்.

— அண்ணா! அக்காவுக்கு இது தெரியுமா?

— இன்னி வரைக்கும் சொல்லல. அந்த மூஞ்சியப் பாத்தப்புறம் ஓட மனசு வரலம்மா. நல்லாதான் வாழ்ந்துக்கினு கீறோம். நீ கடுதாசி குடுத்ததாவே இருக்கட்டும், இன்னா? கோமளம்! யாரு வந்துகீறாங்க பாரு!

— யாரு... ஹம்சாவாடி நீ? அதே மூக்கு! ஏன் கண்ணெல்லாம் செவந்திருக்கு?

— ஒண்ணுமில்லைக்கா. உன்னைப் பார்த்துட்டேனே, எனக்கு அது போறும்.

— ஏன்னா, பால் வாங்கிண்டு வாங்கோ. இவளுக்குக் காப்பி போடணும்.

— தோ போறேன். பாப்பா, பேசிக்கினு இரு. பாத்துப் பேசு.

— போயிட்டாரா? உனக்கு நான் பெரிய நமஸ்காரமே பண்ணணும்டி. நீ மட்டும் அன்னிக்குக் கடுதாசியைச் சேர்க்கலைன்னா, இந்த மனுஷர் மனசு எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

— "வந்துடுங்கோ"ன்னுதானே அக்கா எழுதியிருந்தே?

— எங்கே? எனக்கு ஒரே பயம். "நான் சிதம்பரத்துக்குச் சிநேகிதியாத்துக்குப் போறேன், என்னை மறந்துடுங்கோ, ஸ்டேஷன் பக்கமே வராதீங்கோ"ன்னு எழுதியிருந்தேன். அதைப் படிச்சுட்டும் வந்து நின்னாரேடி!