வருடா வருடம் கடைசி ஸ்நோ

“நீங்க இத்தனை வருஷமா சொன்னதெல்லாம் பொய்ங்க!”

அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சர் பக்கம் ஹார்டுவேர் கடையில், பில் போடும் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கணவரிடம் சொன்னார். கணவர் வாங்கிய பனி தள்ளும் மெஷின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல்.

“இதுதான் கடைசி ஸ்நோ, அடுத்த வருஷம் கோயம்புத்தூர் போயிடலாம்னு சொல்லிச் சொல்லியே, மெஷின் வாங்காம என்னையக் கையால பனியை ஷவல் பண்ண வச்சீங்களே?”

“அதான் இப்ப வாங்கிட்டேனே கண்ணு.”

“அப்ப ஊருக்குப் போகலீங்களா?”

அவர் மெஷினைத் தடவினார். “இதுக்குப் பத்து வருஷம் வாரண்டி.”

பக்கத்தில் நின்ற மகள் குதித்தாள். “அப்பா, ஸோ வீ ஆர் ஸ்டேயிங்?”

அந்தப் பெண் கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“வாரண்டி கதையெல்லாம் வேண்டாங்க. இந்த லைனுக்கே கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லுங்க. போறமா, இருக்கமா?”