ரெண்டு விசில்

— ஏங்க, இப்ப எதுக்கு வண்டிய நிறுத்துனீங்க?

— ஸ்டாப்பிங்ல ஆள் நிக்குதே.

— நின்னா? இது என்ன நம்ம பஸ்ஸா? மெக்கானிக் அண்ணன்கிட்ட இரவல் வாங்கின காருங்க!

— அட, ஆமால்ல. கால் தானா பிரேக்குக்குப் போயிருச்சு, கண்டக்டரம்மா.

— ஐயோ அப்பா! அந்த ஆன்ட்டி நிஜமாவே கதவத் தொறக்கறாங்க! ஆன்ட்டி, இது பஸ் இல்ல ஆன்ட்டி! எங்கப்பா பஸ் டிரைவரு, அதான் நிறுத்திட்டாரு! ஸாரி ஆன்ட்டி!

— பாவம், எப்படிப் பாக்கறாங்க பாரு. மானம் போகுது. எடுங்க வண்டிய.

— எங்கருந்து எடுக்கறது? விசில் வரலியே.

— கார்ல கூடவா விசிலு?

— சத்தியமா கை வரமாட்டேங்குது தாயே. ரெண்டு விசில் குடு, கியர் தானா விழும்.

— உங்கள வச்சுகிட்டு... இந்தாங்க. பிர்ர்! பிர்ர்!

— ஆங்! இப்ப பாரு, வண்டி வழுக்கிட்டுப் போகுது.

— அம்மா, நீங்க விசில ஏன்மா எடுத்துட்டு வந்தீங்க? இன்னிக்கு டியூட்டி பேச்சே கூடாதுன்னு பேசி வச்சோம்ல?

— பழக்கமா கழுத்துல மாட்டிட்டேன்டி. போனை மட்டும் சைலண்ட்ல போட்டுட்டேன். டெப்போலேர்ந்து கூப்பிட்டா துடிச்சிட்டுக் கெடக்கட்டும்.

— அப்பா ஒவ்வொரு ஸ்டாப்பிங்கா நின்னு நின்னு போனா, நாம போய்ச் சேர்றதுக்குள்ள சூரியன் மூழ்கிரும். இருட்டுல நான் எந்தக் கடலப் பாக்கறது? எல்லார் வீட்லயும் லீவுன்னா அப்பா அம்மா கூட்டிட்டுப் போவாங்க. நம்ம வீட்ல மட்டும் லீவு விட்டாதான் ரெண்டு பேரும் காணாமப் போயிடுவீங்க. ஸ்பெஷல் பஸ், ஸ்பெஷல் பஸ்னு!

— அதான் இந்தத் தடவ ஒரு நாள் லீவு வாங்கிட்டேன்ல, குட்டிம்மா.

— ஒரே ஒரு நாள்! நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸே நீங்கதான்.

— நான் மட்டும் கடலப் பாத்திருக்கேனாடி? தினம் தினம் கடைசி ஸ்டாப்பிங்ல நின்னு, ‘கடலுக்குப் போறவங்க எறங்கி அடுத்த பஸ் பிடிங்க’ன்னு தொண்ட கிழியக் கத்தறேன். அவங்க துண்டும் பந்துமா எறங்கிப் போவாங்க. நாங்க வண்டியத் திருப்பிட்டு வந்துருவோம்.

— இன்னிக்கு திருப்ப மாட்டேன், கண்டக்டரம்மா. நேரா விட்டு, தண்ணி டயர நக்கற வரைக்கும் போவேன்.

— அதுக்குன்னு பஸ் டயர் டியூப்ப ஊதி, நடு கார்ல நிக்க வச்சா எப்படிங்க? ரப்பர் மலை மாதிரி நிக்குது. முன்னாடி நீங்க ரெண்டு பேர் இருக்கீங்களான்னே எனக்குத் தெரியல.

— கடல்ல மிதக்க வேணாமா?

— அங்க போய் ஊதக் கூடாதா?

— அங்க காத்தடிக்கிற கடை இருக்குமோ இருக்காதோ. அதான் விஷயம்.

— அம்மா, டியூப் ஓட்டை வழியா எனக்கு உங்க மூக்கு மட்டும் தெரியுது!

— சிரிப்பா இருக்கா? இந்தக் காருக்கு உள்ள பின்னாடி பாக்கற கண்ணாடியும் இல்ல. மெக்கானிக்குன்னு பேரு. ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் மாட்டறாரு, தன் வண்டிக்கு மாட்ட நேரமில்ல.

— அப்பா, நான் பெரியவளானா டிரைவராகட்டுமா, கண்டக்டராகட்டுமா?

— இதென்ன கேள்வி? டிரைவராகு. வண்டிய ஓட்டறதுதான் வேல. விசில் ஊதறதுல என்ன இருக்கு? ஆறாவது படிக்கிற நீயே ஊதிருவ.

— அப்பா.

— என்ன?

— அம்மா சிரிக்கல.

— கண்டக்டரம்மா? சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்.

— ஓட்டை வழியா விசில் வருதுப்பா. கழட்டி என் மடியில போட்டுட்டாங்க.

— இனி அவளே ஊதட்டும். விசில் ஊதறதுல என்ன இருக்கு! நான் டிக்கெட் எடுத்த பாசஞ்சர். கடல் வந்தா எழுப்பி விடுங்க, பேச்சுக் கீச்சு ஒண்ணும் கெடையாது.

— போச்சு. துண்ட எடுத்து மூஞ்சிய மூடிட்டாங்க.

— வாய் இருக்கே எனக்கு, அதுக்குத்தான் முதல்ல பிரேக் மாட்டணும். கடல் முன்னாடி நின்னு உங்கம்மா மூஞ்சியத் திருப்பிகிட்டா, அந்தக் கடல வச்சுகிட்டு நான் என்ன பண்ண? ... ஏ குட்டிம்மா, புகை வருதா?

— முன்னாடிலேர்ந்து வருதுப்பா!

— வண்டியும் சூடாயிருச்சு. அந்த நிழற்குடைப் பக்கம் குழாய் தெரியுது பாரு, நிறுத்தறேன். கேனை எடு, பானெட்டத் தூக்கறேன்.

— அம்மாவும் எறங்கிட்டாங்க. பாட்டில எடுத்துட்டு, உங்களப் பாக்காமலே போறாங்க.

— போகட்டும், போகட்டும். தண்ணி ஊத்தினா ரெண்டு சூடும் தணியும். ஊத்து, ஊத்து... பாத்து... போதும். பானெட்ட மூடறேன், கைய எடு. உள்ள ஏறு. உங்கம்மா வந்தாச்சா?

— பின்கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சுப்பா. வந்தாச்சு.

— அப்ப விசில் குடு, புது கண்டக்டரு!

— பிர்ர்! பிர்ர்! போலாம் ரைட்!

— அடடா, கௌம்பிருச்சு பாரு! கண்டக்டரம்மா, பொண்ணு எப்படி ஊதறா பாத்தியா? ... பதில் இல்ல.

— அம்மா, அப்பா பாவம்மா.

— விடு. பேசலேன்னா என்ன, காது இருக்குல்ல. நான் பேசறேன். கண்டக்டரம்மா, கேட்டுக்கோ. இத்தன வருஷமா உன்கூட வண்டி ஓட்டறேன். ஒரு தடவகூடத் திரும்பிப் பாத்ததில்ல. சத்தியமா. உன் ரெண்டு விசில் வந்துச்சுன்னா, பின்னாடி எல்லாரும் பத்திரம்னு அர்த்தம். மழ பேஞ்சாலும் சரி, படிக்கட்டுல கூட்டம் தொங்கினாலும் சரி.

— அம்மா இருமறாங்கப்பா.

— கோவத்துல தொண்ட கட்டிருச்சு. பிஸ்கட் குடு.

— அம்மா, பிஸ்கட்மா... வாங்கிட்டாங்க! ஓட்டை வழியா கை நீட்டி வாங்கிட்டாங்கப்பா!

— பாதிக் கோவம் போச்சு! இன்னொண்ணு குடு. கண்டக்டரம்மா, போன மாசம் நீ காய்ச்சல்னு லீவு போட்டியே, வேற ஒருத்தன் வந்தான். நல்ல பையன்தான். ஆனா அவன் ரெண்டு விசில் அடிச்சாலும் எனக்கு மனசு ஒப்பல. ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். சாயங்காலம் கழுத்து சுளுக்கிருச்சு. உன்கிட்ட தலகாணி சரியில்லேன்னு சொன்னேன்ல? தலகாணி என்ன பண்ணும் பாவம். அதான் விஷயம்.

— அப்பா, இத ஏன் அம்மாகிட்ட அப்பவே சொல்லல?

— எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்காதா? நீ காதப் பொத்திக்கோ.

— பொத்திட்டேன். சொல்லுங்க.

— நீ இல்லாம எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கண்டக்டரம்மா. அவ்ளோதான்.

— ஐயே! அப்பா, மறுபடி ஏன் நிறுத்தறீங்க?

— ஸ்டாப்பிங்... ஸாரி, ஸாரி! விசில் குடு, விசில் குடு!

— பிர்ர்! பிர்ர்! பின்னாடி ஒரு பஸ் வேற ஹாரன் அடிச்சுட்டே வருதுப்பா.

— தூரத்துலதான வருது, வரட்டும். உங்கம்மா என்ன சொல்றா?

— ஒண்ணும் சொல்லல. இன்னொரு பிஸ்கட் கேட்டு கை நீட்டறாங்க. அப்பா... அம்மா கைல வளையலக் காணோம்.

— கோவத்துல கழட்டி வச்சிருப்பா.

— வளையலக் கழட்டினா கைல முடி மொளைக்குமாப்பா?

— என்னது?

— தம்பி, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க. பிஸ்கட் நெஞ்ச அடைக்குது.

— யாருய்யா நீ!

— ஆஆஆ! அம்மா குரலு மாறிருச்சு!

— பதறாதீங்க, பாப்பா. பாருங்க, நான் அந்த நிழற்குடைல பஸ்ஸுக்காக நின்னவன். உங்க வீட்டம்மாதான், ‘எவ்ளோ நேரம் நிப்பீங்க ஐயா, உள்ள எடம் இருக்கு, ஏறுங்க ஏறுங்க’ன்னு கதவத் தொறந்து ஏத்தி விட்டாங்க. கதவச் சாத்தினதும் அவங்கதான். குழாயடில பாட்டில வச்சுட்டேன், எடுத்துட்டு வந்தர்றேன்னு திரும்புனாங்க. நீங்க ரெண்டு விசிலு, பறந்துட்டீங்க.

— ஐயோ! கண்டக்டர் எப்பவும் எல்லாரையும் ஏத்திட்டு கடைசியாத்தான் ஏறுவா! குட்டிம்மா, நீ பாத்துட்டு ஊதலியா?

— பாக்கணும்னு யாரு சொன்னா? விசில் ஊதறதுல என்ன இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க!

— என் வாயில மண்ணு. பெரியவரே, இவ்ளோ நேரம் ஏன் பேசல?

— நடுவுல பேச எடம் எங்க குடுத்தீங்க? மொதல்ல இருமிப் பாத்தேன், பிஸ்கட்தான் வந்துச்சு. அப்பறம் குடும்ப விஷயத்துக்குப் போயிட்டீங்க. குறுக்க பேசறது மரியாதை இல்லேன்னு இருந்துட்டேன்.

— அப்பா! அங்க பாருங்க! மரத்துக்கு நடுவுல! பளபளன்னு! அது கடலாப்பா? கடல்தான்பா! சூரியன் இன்னும் மூழ்கல!

— பாக்காத! கண்ண மூடு! உங்கம்மா இல்லாம ஒருத்தரும் கடலப் பாக்கக் கூடாது. நானும் மூடிக்கறேன்.

— ஐயோ, ஓட்டறவங்க மூடக் கூடாதுப்பா!

— வண்டியத் திருப்பறேன். சூரியன் போனாப் போகட்டும். மன்னிச்சுக்கோ, குட்டிம்மா.

— திருப்புங்கப்பா. எனக்கும் அம்மா இல்லாம வேணாம். அழுகையா வருது.

— தம்பி, திருப்ப வேணாம்.

— என்னய்யா சொல்றீங்க, என் சம்சாரம் அங்க தனியா நிக்கிறா!

— அங்க எங்க நிக்கிறாங்க? பின்னாடியே வந்த பஸ்ல ஏறிட்டாங்களாம். நீங்கதான் ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நின்னு வர்றீங்களே, பிடிச்சிரலாம்னு சொன்னாங்க.

— சொன்னாங்களா? உங்ககிட்ட எப்ப சொன்னாங்க?

— நீங்க கௌம்பின கொஞ்ச நேரத்துலயே. சீட்டுல அவங்க போன் துடிச்சுட்டுக் கெடந்துச்சு, எடுத்தேன். அந்த பஸ் கண்டக்டர் போன்லேர்ந்து பேசினாங்க. நீங்க அவங்ககிட்ட என்னமோ பேசிட்டிருந்தது அவங்க காதுலயும் விழுந்துச்சு போல. ‘ஒண்ணும் பேசாதீங்க ஐயா, போனை அப்படியே டியூப் பக்கம் நீட்டிப் பிடிங்க’ன்னாங்க. கை கடுக்குது தம்பி, இந்தாங்க, ஓட்டை வழியா வாங்கிக்குங்க.

— ஹலோ... கண்டக்டரம்மா? எல்லாத்தையுமா கேட்ட?

— அந்தத் தலகாணியத் தூக்கி எறிஞ்சே மூணு வாரமாச்சு, பாவி மனுஷா! சரி, வண்டிய ஓரங்கட்டுங்க. ஒரு தடவகூடத் திரும்பிப் பாத்ததில்லேன்னு சொன்னீங்கல்ல? இப்பப் பாருங்க.